அந்தி நேரத்து இடையூறு

அலுவலகத்தில் அவரை மில்லிமீட்டர் என்று கூப்பிடுவார்கள். அவசரத்துக்கு மில்லி. காப்பிக் கோப்பையை மேஜையில் வைத்தால் அதன் காது தினமும் ஒரே திசையைப் பார்த்திருக்கும்படி வைப்பார், அதனால் வந்த பெயர் என்றார்கள் சிலர். வேலையால் வந்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணமாகாதவர். அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்.

அந்த நிறுவனம் விற்றது பிழைத் திருத்தம். இதைச் சொன்னால் யாருக்கும் சட்டென்று புரிவதில்லை. கைபேசியில் வழி பார்க்கும்போது, நாம் தெருவின் இந்தப் பக்கம் நிற்க, புள்ளி எதிர்ப்பக்கம் நிற்குமே, அந்தப் பிசகுதான் அவர்களுடைய பிழைப்பு. செயற்கைக்கோளிலிருந்து கிளம்பும் சமிக்ஞை காற்று மண்டலத்தைக் கடந்து வருவதற்குள் ஒரு துளி தாமதமாகிவிடும். மேலே ஒரு துளித் தாமதம் தரையில் சில மீட்டர் பிசகாக வந்து விழும். கடைக்கு வழி தேடுகிறவர் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பாலம் கட்டுகிறவர் பொறுத்துக்கொள்ள முடியாது.

அதற்காக நகரத்தில் ஆங்காங்கே சில கட்டிடங்களின் மொட்டை மாடியில் அசையாத தூண் எழுப்பி, அதன்மேல் ஆன்டெனா வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தூணும் நிற்கும் இடத்தை முன்கூட்டியே அளந்து சொல்லிவைத்தாயிற்று. செயற்கைக்கோள்கள் அந்த ஆன்டெனாவிடம் நீ இருப்பது இங்கே என்று ஓரிடத்தைக் காட்டும். இல்லை, நான் இருப்பது இங்கே என்று அதற்கு ஏற்கெனவே தெரியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த நொடியின் பிழை. அதை நொடிக்கு நொடி சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் அனுப்பிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் எங்கோ அதே சமிக்ஞையை வாங்கி இடம் பார்க்கும் ரிசீவரும் கிட்டத்தட்ட அதே பிழையில்தான் தவித்துக்கொண்டிருக்கிறது. வந்த வித்தியாசத்தைக் கழித்துக்கொண்டால் அதற்கும் தன் இடம் விரற்கடை பிசகாமல் தெரிந்துவிடும்.

"அப்போ ஒரே இடத்துல அசையாம நிக்கறதுக்குத்தான் சம்பளமா?" என்று அக்கா ஒருமுறை கேட்டாள். "அது உனக்கேத்த வேலைதான்டா."

அக்கா வேறு ஊரில் இருந்தாள். வாரக் கடைசியில் வீடியோவில் கூப்பிடுவாள். கைபேசியை மேஜையில் மல்லாக்கப் போட்டுவிட்டு வேலை செய்துகொண்டே பேசுவாள் என்பதால், அவருக்குப் பெரும்பாலும் அந்த வீட்டு மின்விசிறிதான் காட்சி கொடுக்கும். விசிறியின் ஓர் இறக்கை மற்றதைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தது. அதைப் பல தடவை சொல்லிப் பார்த்தார். யாரும் சரிசெய்யவில்லை.

பகல் ஷிப்டில் அவர் கண்காணிப்பு அறையில் தனியாக உட்கார்ந்திருப்பார். சுவர் முழுக்கத் திரைகள். ஒவ்வொரு தூணும் ஒரு நிலையம், ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு கோடு. நல்ல நிலையம் என்றால் கோடு நூல் பிடித்தாற்போல் போகும். ஏதாவது கெட்டால் கோடு தடிக்கும், சிலிர்க்கும். மாலையில் ஷிப்ட் மாற வருகிற பெண்ணுக்குப் புயல் என்று பெயர். கதவை அவள் ஒருநாளும் கையால் திறந்ததில்லை.

ஒன்பதாம் நிலையத்தின் கோடு மாலையில் தடிப்பதை அவர் கவனித்தது போன வருஷம். வெயில் இறங்கும் நேரத்தில் தொடங்கும். முக்கால் மணி, ஒரு மணி நேரம் சிலிர்த்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் அடங்கிவிடும்.

எங்காவது பட்டுத் திரும்பும் சமிக்ஞையாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார். புதிதாக யாராவது பக்கத்தில் தகரக் கூரை போட்டிருக்கலாம். சுவரில் பட்டு எதிரொலிக்கும் குரலைப்போலச் செயற்கைக்கோளின் சமிக்ஞையும் தகரத்தில் பட்டு, நேராக வந்ததோடு கலந்து ஆன்டெனாவைக் குழப்பும். ஆனால் அப்படிப்பட்ட எதிரொலிக்கு ஒரு குணம் உண்டு. செயற்கைக்கோள்கள் வானத்தின் அதே இடத்துக்குத் தினமும் நாலு நிமிஷம் முன்னதாக வந்துவிடும். ஆகவே தகரத்தால் வரும் எதிரொலியும் தினமும் நாலு நிமிஷம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். ஒரு மாதத்தில் மாலையில் இருந்தது பிற்பகலுக்கு வந்துவிட வேண்டும்.

இது வரவில்லை. மாதம் முடிந்தும் அந்தியிலேயே நின்றது. சில நாள் பத்து நிமிஷம் தாமதம். ஞாயிற்றுக்கிழமைகளில் சீக்கிரம் தொடங்கி மெதுவாக முடிந்தது. மேலே சுற்றுகிற எதற்கும் ஞாயிற்றுக்கிழமை தெரியாது. தெரிந்தது மனிதருக்குத்தான்.

யாரோ ஒருவர் மொட்டை மாடிக்கு வந்து, ஆன்டெனாத் தூணில் சாய்ந்து உட்காருகிறார். தூண் இடுப்புயரம்தான். நாற்காலி போட்டுச் சாய்ந்தால் தலை ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் வரும். தாழ்வாகத் தெரியும் செயற்கைக்கோள்களை அந்தத் தலை மறைக்கும். நாற்காலி இரும்பாக இருந்தால் எதிரொலி வேறு. அவருக்கு எல்லாம் பொருந்தி வந்தது.

களப் பிரிவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் போய்த் தூணைச் சுற்றி வேலி போட்டுவிட்டு வந்திருப்பார்கள். ஒரு காலை நேரத்து வேலை. அவர் சொல்லவில்லை. அந்த நேரத்துக்கு மட்டும் ஒன்பதாம் நிலையத்தைக் கணக்கிலிருந்து விலக்கி, பக்கத்து நிலையங்களின் திருத்தத்தைக் கொண்டு அந்தப் பகுதியை நிரப்பும்படி அமைப்பை மாற்றிவைத்தார். காரணம் என்ற இடத்தில் 'உள்ளூர் இடையூறு' என்று போட்டார். வாடிக்கையாளர் யாருக்கும் குறையில்லை. பாவம், யாரோ வந்து உட்கார்ந்துவிட்டுப் போகட்டுமே என்பதுதான் அன்றைய நினைப்பு.

பிறகு அது வேறாக மாறியது. மாலை நெருங்கினால் காப்பியை எடுத்துக்கொண்டு அந்தத் திரைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளத் தொடங்கினார். கோடு தடித்ததும், "வாங்க" என்பார் வாய்க்குள். பத்து நிமிஷம் தாமதமானால், "இன்னிக்கு வேலை ஜாஸ்தியோ?" அவர் ஆணா பெண்ணா தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. தினமும் வருகிறவர், அவ்வளவுதான். இவருக்கு அப்படித் தினமும் வருகிறவர் என்று வேறு யாரும் இல்லை.

ஒரு தடவை, ஒரு வாரம் முழுக்க, அந்த ஆள் இருட்டிய பிறகும் எழுந்திருக்கவில்லை. அந்த வாரம் மில்லிமீட்டர் ஷிப்டைப் புயலிடம் ஒப்படைத்த பிறகும் ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டு அறையிலேயே இருந்தார். அதில் ஒருநாள் நகரம் முழுக்க மழை. ஒன்பதாம் நிலையத்தின் கோடு மழையிலும் தடித்தே இருந்தது. "பிடிவாதக்கார ஆளுதான்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார். அந்த வருஷத்தில் அவருக்கு அது நல்ல வாரம்.

பிறகு ஒருநாள் கோடு தடிக்கவில்லை.

முதல் நாள், ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்தார். மறுநாள், உடம்பு சரியில்லையோ என்னவோ என்று நினைத்தார். வாரம் ஒன்று கழிந்தது. கோடு காலையிலிருந்து மறுநாள் காலை வரை நூல் பிடித்தாற்போல் போய்க்கொண்டிருந்தது. ஒன்பதாம் நிலையம் இவ்வளவு அழகாக வேலை செய்து அவர் பார்த்ததில்லை. அவர் நாற்காலியை அந்தத் திரையை விட்டு நகர்த்தவில்லை.

அந்த வாரம்தான் மேனேஜர் வந்தார்.

"மில்லி, பாலத்துக்காரங்க இரும்பு கர்டர் உத்தரங்களை ஏத்த ஆரம்பிச்சுட்டாங்க. பகல்ல வெயிலுக்கு இரும்பு நீண்டுடுதாம், சாயங்காலம் சூடு அடங்கினப்புறம்தான் இடத்துல இறக்கறாங்க. அவங்களுக்குக் கிட்டத்துல இருக்கிறது ஒன்பது. அதைப் பார்த்தா சாயங்காலம் மட்டும் விலக்கி வச்சிருக்கு. ஏன்?"

"உள்ளூர் இடையூறு சார்."

"இன்னும் இருக்கா?"

"இல்ல. ஒரு வாரமா இல்ல."

"தானா சரியாயிடுச்சா?"

"தானாத்தான்."

"நல்லதாப் போச்சு. திரும்பச் சேர்த்துடுங்க" என்று மேனேஜர் போய்விட்டார். அவர் சேர்த்துவிட்டார். வேறு வழியில்லை. அன்று மாலையிலிருந்து பாலத்தின் ரிசீவர்கள் ஒன்பதாம் நிலையத்தின் திருத்தத்தை வாங்கத் தொடங்கின.

களப் பிரிவில் ஏணி என்று ஒருவர் இருந்தார். எந்த மாடிக்கும் ஏணியில்லாமல் ஏறக்கூடிய உயரம். இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். மில்லிமீட்டர் அவரைக் கேன்டீனில் பிடித்தார்.

"ஒன்பதாம் நம்பரை ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வாயேன்."

"என்ன கோளாறு?"

"கோளாறு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததைப் போய் எதுக்குப் பார்க்கணும்?"

"கோடு ரொம்ப சுத்தமா இருக்கு."

ஏணி வாயில் வைத்த கரண்டியை வெளியே எடுத்தார். "யோவ், இத்தனை வருஷ சர்வீஸ்ல, சுத்தமா இருக்குன்னு புகார் பண்ற ஒரே ஆள் நீதான்யா. வந்த சம்பந்தத்துல எல்லாம் கோணல் கண்டுபிடிச்சே. இப்போ கோணல் இல்லாததும் உனக்குக் குத்தமாப் போச்சா?"

"விளையாடாதே. அங்க தினமும் ஒருத்தர் வருவாரு. இப்போ வர்றதில்ல."

"யாரு?"

"தெரியாது."

"தெரியாத ஆளு வரலைன்னு நீ எதுக்குய்யா சோறு தண்ணி இல்லாம கெடக்கே?" என்றார் ஏணி. பிறகு முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "நீயே போய்ப் பார்த்துட்டு வந்துடு. கார்டைக் கழுத்துல மாட்டிக்க. ஆன்டெனாவைப் பார்க்க வந்தேன்னு சொல்லு. எவனும் ஒண்ணும் கேட்கமாட்டான்."

கண்காணிப்பு அறைக்காரர்கள் களத்துக்குப் போவதில்லை. அது விதி இல்லை, வழக்கம். அவர் இருபது வருஷமாகப் பார்த்துவந்த அந்த நிலையங்களில் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஒன்பதாம் நிலையம் எந்த அட்சரேகையில் எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறது என்று தசமப் புள்ளிக்குப் பின் நீளமாக ஒப்பிப்பார். எந்தப் பஸ்ஸில் ஏற வேண்டும் என்று மட்டும் தெரியாது. லீவு போட்டுவிட்டு, நிறுத்தத்தில் நின்றிருந்தவர்களிடம் விசாரித்துத்தான் போனார்.

பழைய நாலு மாடிக் கட்டிடம். கீழே லாண்டரி. அதை நடத்துகிற அம்மாள்தான் வீட்டுச் சொந்தக்காரி. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடியே அவருடைய கார்டைப் படித்தாள்.

"போன மாசம்தானே உங்காளு ஒருத்தர் வந்தாரு? நெட்டையா?"

"அவர் பார்த்தது மெஷினை. நான் வந்தது... மாடிக்கு யாராவது போவாங்களாம்மா? சாயங்காலத்துல?"

"யாரும் போறதில்லையே" என்றவள் உடனே உஷாரானாள். "ஏன், எதாவது ஒடைஞ்சு போச்சா? ஒடைஞ்சா நான் பொறுப்பில்ல. மாடியை வாடகைக்கு விட்டப்பவே சொல்லியிருக்கேன்."

"ஒண்ணும் உடையல. யாரோ தூண்ல சாஞ்சு உட்காருவாங்கன்னு..."

"சாஞ்சா தூண் விழுந்துடுமா?"

"விழாது. யாரு சாஞ்சதுன்னு தெரிஞ்சுக்கணும்."

அம்மாள் யோசித்தாள். "மேல் மாடியில பல்செட் செய்யறவங்க ஒருத்தங்க இருக்காங்க. சாவி அவங்ககிட்ட ஒண்ணு இருக்கு. ஆனா அவங்க உண்டு, அவங்க வேலை உண்டு. தம்பி இருந்தப்போ பேச்சுச் சத்தமாவது கேட்கும். இப்போ மோட்டார் சத்தம்தான்." இஸ்திரிப் பெட்டியை இறக்கினாள். "ரெண்டு வாரமா நான் அவங்களைக் கண்ணாலயே பார்க்கல. துணியும் வரல."

அவர் படி ஏறினார். மூன்றாம் மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவு திறக்காவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தார். திறந்தால் என்ன சொல்வது என்று யோசிக்கவே இல்லை.

கதவு திறந்தது. நடுத்தர வயதுப் பெண்மணி. முழங்கை வரை வெள்ளை மாவு, நெற்றியில் தூக்கிவிட்ட கண்ணாடி. உள்ளேயிருந்து உருகிய மெழுகின் வாசனை வந்தது.

"எந்த கிளினிக்?" என்றாள். "மேல் செட்டா, கீழ் செட்டா? நாளைக்குத்தான்னு நேத்தே சொல்லிட்டேனே."

"நான் கிளினிக் இல்லைங்க. மாடியில ஆன்டெனா இருக்கில்ல, அந்தக் கம்பெனி."

"சாவிக்கா? வாங்க." அவள் சாவியைத் தேடி உள்ளே போனாள். அவர் வாசலைத் தாண்டி ஓர் அடி வைத்து நின்றார். சுவர் நெடுக அலமாரி. அதில் மாவில் வார்த்த ஈறுகள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஜன்னலோரம் ஒரு வேலை மேஜை. அதன் முன்னால், அந்த அறைக்குச் சற்றும் பொருந்தாமல், பல் டாக்டரின் கிளினிக்கில் நோயாளியைச் சாய்த்துப் படுக்கவைக்கிற பெரிய நாற்காலி.

அவர் அதைப் பார்ப்பதை அவள் கவனித்தாள். "ஒரு டாக்டர் கிளினிக்குக்குப் புதுசு வாங்கிட்டு, பழசை என் தலையில கட்டிட்டாரு. தூக்கிட்டு வந்தவங்க ஆளுக்கொரு சாபம் விட்டுட்டுப் போனாங்க. பட்டனை அமுக்கினா அதுவே சாயும். முதுகுக்கு அவ்வளவு சுகம். நாள் பூரா குனிஞ்சே இருக்கிற வேலை சார் இது. ஊர்ல பாதிப் பேரு சிரிப்பு என் முதுகுலதான் நிக்குது."

"இது எப்போ வந்தது?"

"ரெண்டு வாரம் இருக்கும். ஏன்?"

அவருக்கு மூச்சு வந்தது. கூடவே வேறு ஏதோ இறங்கியும் போனது. "அப்போ, அதுக்கு முன்னாடி நீங்க மாடிக்குப் போய் உட்காருவீங்க. தூண்ல சாஞ்சு."

அவள் சாவியை நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். "யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. எங்களுக்குத் தெரியும்."

"மேல கேமரா இருக்கா?"

"ஐயோ, கேமரா எல்லாம் இல்லைங்க. ஒரு கோடு. அவ்வளவுதான். நீங்க வந்து சாஞ்சா கோடு கொஞ்சம் தடிக்கும். எழுந்து போனா மெலிஞ்சுடும். உங்க முகம் தெரியாது. பொம்பளையா ஆம்பளையான்னுகூட இன்னிக்குத்தான் தெரியும்."

"அந்தக் கோட்டை நீங்க தினமும் பார்ப்பீங்களா?"

"என் வேலைங்க அது." அது முழு உண்மையில்லை என்று அவருக்கே பட்டது. "ரெண்டு வாரமா தடிக்கல. அதான்... உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு பார்க்க வந்தேன்."

அவள் சாவியை மேஜையில் வைத்தாள். கோபம் பாதி வழியில் நின்றுவிட்டதுபோல இருந்தது. "அதுக்காகவா வந்தீங்க? நான் இருக்கேனா இல்லையான்னு பார்க்க?"

"ஆமா."

"உட்காருங்க" என்றாள். உட்கார அந்த நோயாளி நாற்காலியைத் தவிர வேறொன்றும் இல்லை. அவர் அதன் விளிம்பில் ஒட்டி உட்கார்ந்தார். அவள் துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "வேற என்னவெல்லாம் தெரியும், அந்தக் கோட்டுல?"

அவர் சந்தோஷமாகச் சொல்லத் தொடங்கினார். ஒரு வருஷமாக மனசுக்குள் சேர்த்துவைத்திருந்ததை முதல் தடவையாக ஒருவரிடம், அதுவும் உரியவரிடமே சொல்லப்போகிறார். ஞாயிற்றுக்கிழமை அவள் சீக்கிரம் வருவது, நடுவில் சில நிமிஷம் எழுந்து நடந்துவிட்டுத் திரும்ப வந்து உட்காருவது, சில நாள் வந்தவுடனேயே போய்விடுவது. "போன வருஷக் கடைசியில ஒரு வாரம் இருட்டினப்புறமும் நீங்க எழுந்திருக்கவே இல்ல. ஒருநாள் நல்ல மழை. மழையிலயும் அப்படியே உட்கார்ந்திருந்தீங்க. நான்கூட, பிடிவாதக்கார ஆளுன்னு..."

அவள் துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

"அது என் தம்பி தவறின வாரம்" என்றாள்.

அவர் நாற்காலியின் விளிம்பிலிருந்து எழுந்துவிட்டார்.

"வந்த சொந்தம் எல்லாம் மூணாம் நாளே மூட்டை கட்டிட்டாங்க. வீட்டுக்குள்ள இருக்க முடியல. அவன் செருப்பு அங்க கெடக்கு, அவன் தட்டு இங்க கெடக்கு. மேல போய் உட்கார்ந்துட்டேன். மழை வந்ததுகூட நனைஞ்சப்புறம்தான் தெரிஞ்சுது. கீழ லாண்டரி அம்மாவுக்கே தெரியாது, நான் மாடியில இருந்தது." அவள் குரல் உயரவில்லை. "ஒரு ஆளுக்கும் தெரியாதுன்னு நெனச்சிருந்தேன்."

வெளியே யாரோ படியில் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது.

"நீங்க பார்த்துக்கிட்டுதான் இருந்தீங்க" என்றாள் அவள். "அந்த வாரம் பூரா."

"ஆமா."

"அப்போ ஏன் சார் வரல?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இப்போ நான் நல்லாத்தான் இருக்கேன். நாற்காலி வந்திருக்கு, முதுகு வலி இல்ல, ராத்திரி தூக்கம் வருது. இப்போ தேடிக்கிட்டு வந்திருக்கீங்க. அன்னிக்கு மழையில உட்கார்ந்திருந்தப்போ ஏன் வரல?"

"அன்னிக்கு..." அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். "அன்னிக்குக் கோடு தடிச்சிருந்தது. தடிச்சிருந்தா நீங்க இருக்கீங்கன்னு அர்த்தம். இருக்கீங்க, அது போதும்னு நெனச்சுட்டேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவருக்குப் பாதி அளவில் நிறுத்திப் பழக்கமில்லை. "நீங்க ரொம்ப நேரம் இருந்தது எனக்குச் சந்தோஷமாக்கூட இருந்தது."

அவள் தலையை மெல்ல ஆட்டினாள். ஒப்புக்கொள்கிற ஆட்டம் இல்லை, ஒன்றைக் கேட்டு முடித்துவிட்ட ஆட்டம்.

"சரி சார். நான் நல்லா இருக்கேன். பார்த்துட்டீங்க." சாவியை அவர் கையில் வைத்தாள். "மேல போறதுன்னா போங்க. என் நாற்காலி ஒண்ணு கெடக்கும், அது இடைஞ்சல்னா கீழ கொண்டாந்துடுங்க. இனிமே நான் அந்தத் தூண் பக்கமே போகமாட்டேன். உங்க வேலை கெட வேண்டாம்."

வேலை ஒன்றும் கெடாது, நீங்கள் தாராளமாகப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தார். பாலம் நினைவுக்கு வந்தது. "ரொம்ப நன்றிங்க" என்றார்.

கதவை அவள் அறைந்து சாத்தவில்லை. சாத்தியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

மாடிக் கதவின் பூட்டு துருப்பிடித்திருந்தது. திறந்து வெளியே வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. ஒன்பதாம் நிலையம் அவர் கற்பனை செய்ததைவிடச் சின்னது. பூச்சு உதிர்ந்த ஒரு தூண், அதன்மேல் கவிழ்த்த தட்டு மாதிரி வெள்ளை ஆன்டெனா, கீழே குழாய்க்குள் ஓடும் ஒரு கம்பி. இருபது வருஷம் அதன் கணக்கைப் பார்த்தவர் அதைத் தொடாமல் சுற்றி வந்தார். தூணின் ஒரு பக்கத்தில் மட்டும், முதுகு பட்டுப் பட்டு, சுண்ணாம்பு வழவழப்பாகியிருந்தது.

முதுகுச் சட்டம் இல்லாத இரும்பு நாற்காலி படிக்கட்டுச் சுவரோரம் மடக்கி வைக்கப்பட்டிருந்தது. அதைக் கீழே எடுத்துப் போகத்தான் தூக்கினார். தூக்கியவர் தூணருகே கொண்டுவந்து விரித்தார். ஒரு நிமிஷம்தான் என்று நினைத்துக்கொண்டார். இந்த வேலையில் இருப்பவர் செய்யக்கூடாத காரியம் அது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அங்கே உட்கார்ந்தால் மரமோ கடலோ ஏதோ தெரியும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். தெரிந்தது எதிர்க் கட்டிடத்தின் ஜன்னலில்லாத பின்சுவர். அதில் மேலிருந்து கீழே இறங்கும் கழிவுநீர்க் குழாய், அதன் மூட்டில் பாசி, சுவருக்கு மேலே ஒரு கீற்று வானம். தூண் பகல் சூட்டை இன்னும் வைத்திருந்தது. முதுகை வைத்ததும் அந்தச் சூடு இறங்கியது. இதற்காகத்தான் வந்திருக்கிறாள் என்று புரிந்தது. அந்த மழை நாளில் தூண் சில்லிட்டிருந்திருக்கும்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். எவ்வளவு நேரம் என்று அவரே அளக்கவில்லை.

கைபேசி அடித்தது. புயல்.

"சார், ஒன்பதுல இடையூறு வருது. கோடு கன்னாபின்னான்னு தடிக்குது. நீங்க அந்தப் பக்கம்தானே போறீங்கன்னு ஏணி சார் சொன்னாரு? அங்க யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்க."

"யாரு?"

"நான்தான்."

அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் நின்றது. "நீங்களா? தூண்கிட்டயா? அங்க என்ன சார் பண்றீங்க?"

"சும்மாதான்" என்றார். "உட்கார்ந்திருக்கேன்."

அவள் அடுத்து ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தார். கேட்டால் சொல்லியிருப்பார். விலக்கிவைத்த கதை, மழை நாள், கீழ்வீட்டுக் கேள்வி, எல்லாவற்றையும் சொல்லிவிடத் தயாராகத்தான் இருந்தார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க, பாலத்துக்காரங்க இன்னொரு லைன்ல கத்திக்கிட்டிருக்காங்க. கர்டர் அந்தரத்துல தொங்குதாம். எண் ஆடிக்கிட்டே இருக்கு, இறக்க முடியலங்கறாங்க. கொஞ்சம் எழுந்து தள்ளிப் போறீங்களா, ப்ளீஸ்?"

அவர் எழுந்தார். நாற்காலியை மடக்கினார். கைபேசியைக் காதோடு வைத்துக்கொண்டு படிக்கட்டுச் சுவர் வரை நடந்து, அதற்குப் பின்னால் போய் நின்றார்.

"இப்போ?"

"இருங்க சார். குறையுது... இன்னும் கொஞ்சம்... ஆ, போயிடுச்சு. சுத்தமாயிடுச்சு சார். தேங்க்ஸ்."

இணைப்பு அறுந்தது. கீழே, மேல்மாடி அறையில், பல் ராவுகிற மோட்டார் ஓடத் தொடங்கியது. அவர் மடக்கிய நாற்காலியைக் கையில் பிடித்துக்கொண்டு, தூணிலிருந்து எட்டவே நின்றபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.